சாமிக்கு எடை கிடையாது

துன்னூறு அப்பு, துன்னூறு. சாமி விபூதி. அதை ஒருத்தன் வேணாம்னு சொல்லுவானா? எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா நீ? தலையில பரிவட்டம், கழுத்துல மாலை, ஊரே பார்க்க நிக்கிறேன் நான். மொத மரியாதை வாங்குனவன் தன் கையால நாலு பேருக்குத் துன்னூறு குடுக்கிறது எங்க ஊரு வழக்கம். அவன் ஓரமா கக்கத்துல கட்டையை ஊண்டிக்கிட்டு நிக்கிறான். கூட்டத்துக்குள்ள வர முடியாதுல்ல, பாவம், நாமளே போய்க் குடுப்போம்னு நான் எறங்கிப் போறேன். நான் எறங்கிப் போறேன் அப்பு, அவனைத் தேடி! கையை நீட்டல. என்னைய இப்படி ஒரு பார்வை பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். என் கை அந்தரத்துல நிக்குது. பொம்பளைக முதக்கொண்டு பார்த்துச்சுக.

இதைச் சொல்லாம உன்னைய வேலைக்குச் சேர்க்கக் கூடாதுன்னுதான் உக்கார வச்சேன். வண்டி ஓட்ட ஆள் தேடுறேன்னு கேள்விப்பட்டு திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வந்திருக்க. நல்லது. லைசென்ஸைப் பார்த்தாச்சு, ஆளும் வாட்டசாட்டமா இருக்க. ஆனா எனக்கு லைசென்ஸ் பெருசில்ல. விசுவாசம் வேணும். முன்னாடி இருந்த டிரைவர் சோணைமுத்து, அந்தத் துன்னூறு வாங்காத பய, அவனுக்கு லைசென்ஸ் இருந்துச்சு, விசுவாசம் இல்ல. நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீயே சொல்லு, நான் அவனுக்கு என்ன கொறை வச்சேன்னு.

அந்தா வேப்பமரத்தடியில நிக்குது பாரு வண்டி. குட்டியானைதான். ஆர்.சி. புக்குல முக்கா டன்னு போட்டிருப்பான். புக்குல எழுதுறவனுக்கு என்ன, எழுதிட்டுப் போயிருவான். செங்கல், கம்பி, சிமெண்டு, நெல்லுன்னு நான் ஏத்தாத பாரமா? பின்னாடி ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை சேத்துப் போட்டு வச்சிருக்கேன். எம்புட்டு ஏத்தினாலும் குந்தாது. வண்டி குந்தலைன்னா என்ன அர்த்தம்? இன்னும் எடம் இருக்குன்னு அர்த்தம். இது சின்னப்புள்ளைக்குத் தெரியும்.

சோணைமுத்துக்குத் தெரியாது. "பட்டை தாங்கும் மொதலாளி, பிரேக்கு தாங்கணும்ல"ம்பான். ஏண்டா, பிரேக்கு மேலயா பாரத்தை வைக்கிறோம், அது எதுக்குடா தாங்கணும்னு கேப்பேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டுப் போயிருவான். இப்படி ஒரு டிரைவரை வச்சுக் காலந்தள்ளினவன் நான்.

சரி, விசயத்துக்கு வாறேன். எங்க எல்லைக்கருப்பு சாமிக்கு முந்தியெல்லாம் மண்ணுல செஞ்ச உருவந்தான். மழைக்குக் கரைஞ்சு கரைஞ்சு மூக்கும் முழியும் இல்லாம போச்சு. ஊரு கூடி, கல்லுல செஞ்சு கும்பாபிஷேகம் பண்ணிருவோம்னு பேசி முடிச்சாங்க. புதுக்கோட்டை ரோட்டுல ஒரு கல்பட்டறையில சொல்லி, சாமி ரெடியாயிருச்சு. இதுல ஒரு வழக்கம் இருக்கு அப்பு, நல்லாக் கேட்டுக்க. பட்டறையிலருந்து சாமி யாரு வண்டியில ஊருக்குள்ள வருதோ, அவனுக்குத்தான் கும்பாபிஷேகத்துல மொத மரியாதை. அன்னைக்கு மட்டும் இல்ல. வருசா வருசம், அவனுக்குப் பெறகு அவன் மகனுக்கு, பேரனுக்கு. மாட்டு வண்டிக் காலத்துலருந்து வார வழக்கம். இப்பச் சொல்லு, விட்டுக் குடுக்கிற சமாச்சாரமா அது?

இங்கதான் கோச்சடை குறுக்க வாறான். எனக்குப் பங்காளி, சின்னையா மகன். அந்த வருசந்தான் பெரிய பிக்கப்பு ஒன்னு எறக்கியிருந்தான். ஒன்னே முக்கா டன் தூக்குமாம். டயரைப் பார்த்தா டிராக்டர் டயரு கணக்கா இருக்கும். ஊருக்கூட்டத்துல நான் எந்திரிச்சு, சாமி என் வண்டியில வரும்னு சொல்லி முடிக்கல, அவன் பேசுறான். "அண்ணே, கல்லுச்சாமி, கனம் சாஸ்தி. ஒங்க வண்டி தாங்காதுண்ணே. என் வண்டியில ஏத்துவோம், நீங்க முன்சீட்டுல உக்காந்து வாங்க." முன்சீட்டாம்! நான் அவன் வண்டியில கிளீனரா வரணுமாம்! எப்படிக் கொளுத்திப் போடுறான் பாரு. நான் விடல. எங்க அய்யா அந்தக் கோயிலுக்கு எடம் விட்டவரு, அதைச் சொன்னேன். கூட்டம் அடங்கிருச்சு.

பட்டறைக்குப் போனோம். மேளக்காரங்க, எளவட்டங்க, பூசாரின்னு ஒரு பட்டாளமே வந்துச்சு. சாமியப் பார்த்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு அப்பு. ஓங்கின அருவாளும் உருட்டுன முழியுமா நிக்குது. பீடத்தோட சேத்து ஒரே கல்லுல அடிச்சது. ஸ்தபதி வண்டியப் பார்த்துட்டு, "இதுலயாங்க?"ன்னாரு. ஒன்னரை டன்னுக்குக் கொறையாது, பீடமே பாதிக் கனம் இருக்கும்னாரு. கல்லு செதுக்குறவருக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? அவரு ஒரு குத்துமதிப்பாச் சொல்றாரு.

ஒடனே இந்தச் சோணைமுத்து வாயத் தொறக்குறான். ரோட்டுக்கு எதுத்தாப்புல எடைமேடை ஒன்னு இருந்துச்சு. "மொதலாளி, ஏத்தினதும் அதுல ஒரு தடவை ஓட்டிப் பார்த்துருவோம். சாஸ்தியா இருந்தா கோச்சடை அண்ணனுக்குப் போனப் போட்டு வண்டிய வரச் சொல்லுவோம்"ங்கிறான். எல்லாருக்கும் கேக்குற மாதிரி. பூசாரி காதைப் பொத்திக்கிட்டாரு. சாமிய எடை போடவா? அது என்ன வாழைத்தாரா, பழைய இரும்பா? கன்னத்துல ஒன்னு விட்டேன். லேசாத்தான். சாமிக்கு எடை கிடையாதுடான்னேன். எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அவனும் போட்டுக்கிட்டான், அடி வாங்கின கன்னத்துலயே.

அத்தோட விட்டானா? கிரேனு வச்சுச் சாமியத் தூக்கி வண்டியில படுக்கப் போடுறப்ப மறுபடியும் வாறான். பீடத்தைக் கேபின் பக்கம் வைக்கணுமாம், தலையைப் பின்பக்கம் வைக்கணுமாம். பீடம் வால் பக்கம் போனா பாரம் பூராம் பின்னாடி விழுந்து வண்டி முன்னாடி தூக்குமாம். அட கூறுகெட்டவனே, அப்படி வச்சா சாமி கால் முன்னால போகும். கால் முன்னால போனா அது சாமியா, பொணமா? மேளதாளத்தோட பொணத்தையா ஊருக்குள்ள கொண்டு போறோம்? பூசாரியே திட்டினாரு அவனை. தலை முன்னாடி, பீடம் பின்னாடின்னு முறையாப் படுக்க வச்சு, வைக்கோல் திணிச்சு, வடக்கயிறு போட்டுக் கட்டினோம். எறங்கி நின்னு பார்த்தேன். வண்டி குந்தல அப்பு. அம்புட்டுப் பெரிய சாமிக்கு, லேசா ஒரு வணக்கம் வச்ச மாதிரி பின்னாடி எறங்குச்சு, அவ்வளவுதான்.

ரோட்டுல நல்லாத்தான் வந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். சோணைமுத்து மட்டும், "ஸ்டேரிங் பிடியே இல்ல மொதலாளி, காத்துல சுத்துற மாதிரி இருக்கு"ன்னு பொலம்பிக்கிட்டே வாறான். பேசாம ஓட்டுடான்னேன். ஊருக்கு ஊரு நிறுத்தி மாலை போடுறாங்க, எனக்கும் போடுறாங்க. அதைப் பார்க்கச் சகிக்காமதான அவன் அப்படிப் பொலம்பியிருக்கான், இப்ப நெனைச்சா வெளங்குது.

எங்க ஊருக்குள்ள வரணும்னா கண்மாய்க்கரை ஏறி எறங்கணும். நீ வரும்போதே பார்த்திருப்ப, செங்குத்தா ஒரு ஏத்தம். அங்க வந்துதான் வண்டி மக்கர் பண்ணுச்சு. பாதி ஏத்தத்துல முன்சக்கரம் ரெண்டும் தரையை விட்டு எந்திரிக்குது. சோணைமுத்து பிரேக்கைப் போட்டுட்டு வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கான். மேல பார்த்தா கரையில கோச்சடை, பெரிய பிக்கப்போட நிக்கிறான். எனக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு நிக்கிறான் சண்டாளன். கையில சங்கிலி. "அண்ணே, மேலருந்து சங்கிலி போட்டு இழுத்துத் தாரேன். ஒரு நிமிசம்"ங்கிறான்.

அந்தச் சங்கிலி மாட்டினா என்ன ஆகும்? கொண்டாந்தது கோச்சடை வண்டின்னு ஆகிப்போகும். எனக்கு மூளை இல்லையா? எங்களுக்குத் தெரியும், நீ ஒன் சோலியப் பாருன்னேன். எளவட்டங்க நாலஞ்சு பேரை முன் பம்பர் மேல ஏறி உக்காரச் சொன்னேன், முன்னாடி பாரம் வேணும்னு. உக்காந்தாங்க, முன்சக்கரம் தரையத் தொட்டுச்சு. பார்த்தியா, யோசனை யாருது? ஆனா சோணைமுத்து வண்டிய எடுக்க மாட்டேங்கிறான். "பிரேக்கு வழுக்குது மொதலாளி, இனிமே எடுத்தா பின்னாடி போயிரும், சங்கிலி போடச் சொல்லுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிடுறான். எனக்கு வந்துச்சு கோவம். எறங்குடா பயந்தாங்கொள்ளின்னு எறக்கி விட்டுட்டு நான் ஸ்டேரிங்ல உக்காந்தேன். நீ பின்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் குடுன்னேன். கல்லை எடுத்துக்கிட்டுப் பின்னால போனான்.

ஆக்ஸிலேட்டரை மிதிச்சு கிளட்சை விடுறேன், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிட்டு ஆஃப் ஆகிருச்சு. பின்னால நகருது. பிரேக்கை மிதிச்சேன் அப்பு. ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சேன். நிக்கல. பம்பர்ல இருந்தவங்க குதிச்சு ஓடிட்டாங்க. இவன் முட்டுக் குடுத்த கல்லு இருக்கே, அது ஒரு கல்லா? தேங்காத் தண்டி. அதை ஏறி மிதிச்சுட்டு வண்டி போகுது. குலுக்கல்ல பின் கதவு பிச்சுக்கிச்சு, கயிறு எளகி, சாமி அப்படியே சறுக்கி எறங்கிப் பீடம் தரையில ஊண்டுச்சு. அதுலதான் வண்டியும் நின்னுச்சு. பாதிச் சாமி வண்டியில, பாதிச் சாமி தரையில.

நான் எறங்கி ஓடி மொதல்ல சாமியப் பார்த்தேன். மூக்கு, காது, அருவா முனை, விரலு, எல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் விழுந்தாலும் பின்னமான சாமி, வைக்க முடியாதுல்ல? ஒன்னும் ஆகல! பூசாரி அங்கயே சூடத்தைக் கொளுத்தினாரு. எப்படித் தப்புச்சுன்னு குனிஞ்சு பார்த்தா, பீடத்துக்கு அடியில மெத்துன்னு சோணைமுத்து காலு. அது மட்டும் இல்லைன்னு வையி, பீடம் கரையில பதிச்ச கருங்கல்லுல மோதித் தெறிச்சிருக்கும். அதை நான் இன்னைக்கும் மறுக்க மாட்டேன். அந்த வகையில அவன் சாமிக்கு ஒரு நல்லது பண்ணினவன்தான்.

கத்துறான். கத்தத்தான் செய்வான், தொடை வரைக்கும் உள்ள இருக்கு. ஆளுக சாமியத் தூக்கலாம்னு கை வச்சா வண்டி பின்னால வருது. வந்தா ஆளே போயிருவான். கடப்பாரை போட்டு நெம்பலாம்னா சாமி மேல இரும்பு படக்கூடாதுன்னு பூசாரி குறுக்க நிக்கிறாரு. மேலருந்து ஒரு வண்டி சங்கிலி போட்டு இழுத்துப் பிடிச்சாத்தான் ஆளுக பீடத்தைத் தூக்க முடியும். அதுக்குள்ள கோச்சடை சங்கிலியோட எறங்கி ஓடி வந்துட்டான்.

நில்லுன்னேன்.

ஏன் அப்படிப் பார்க்கிற? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? சங்கிலி மாட்டுன பெறகு பேச முடியுமா? நாளைப்பின்ன ஊருல என்ன பேசுவான்? என் வண்டி பிடிச்சு இழுத்துத்தான் சாமி வந்துச்சு, எனக்கும் மரியாதையில பங்கு குடுன்னுதான பேசுவான்? மொதல்ல எல்லார் முன்னாடியும் சொல்லு, மரியாதை கேக்க மாட்டேன்னு சொல்லுன்னேன். "எனக்கு ஒரு எழவும் வேணாம்ணே, ஆளு செத்துக்கிட்டிருக்கான், வழிய விடுண்ணே"ன்னு கத்துறான். எழவுன்னு சொல்றான் அப்பு, சாமி மரியாதைய! வாய்ச்சொல்லு ஆகாது, சூடத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணுன்னுட்டேன். பூசாரிகிட்ட இருந்த சூடம் தீந்துபோச்சு. கடைக்கு ஆள் விட்டேன்.

நேரமெல்லாம் ஆகல. கடை ஊருக்குள்ளதான், ஓடிப்போயி வாங்கிட்டு ஓடி வந்துட்டாங்க. அதுக்குள்ள சோணைமுத்து கத்துறதை நிறுத்திட்டான். வலி கொறைஞ்சிருச்சு போல. என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டுக் கெடந்தான். கோச்சடை சூடத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணினான், அழுதுக்கிட்டே பண்ணினான். மரியாதை போகுதேன்னு அழுகை. பெறகு சங்கிலி மாட்டினாங்க, பிடிச்சாங்க, தூக்கினாங்க. கோச்சடை அவனைத் தன் பிக்கப்புல போட்டுக்கிட்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டிட்டான். அதை இன்னைக்கும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுறான். சக்கரத்துக்குப் பெரிய கல்லா முட்டு வச்சு, சாமிய மறுபடி வண்டியில ஏத்தி, மிச்ச ஏத்தத்தை ஊரே சேந்து வடம் பிடிச்சு வண்டிய இழுத்துச்சு, நான் ஸ்டேரிங் பிடிச்சேன். சாமி என் வண்டியிலதான் ஊருக்குள்ள வந்துச்சு. பீடத்துல ரத்தம் பட்ட தீட்டுக்கு மறுநாளே பரிகாரம் பண்ணியாச்சு. அதுவும் என் செலவு. அவனை ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?

ஆஸ்பத்திரியில காலை எடுத்துட்டாங்க. இன்னுங் கொஞ்சம் முந்தி வந்திருந்தா காலு தங்கியிருக்கும்னு யாரோ டாக்டர் சொன்னாராம். எல்லாரும் சொல்றதுதான் இது. சாமி அருள் வந்து ஆடினப்ப பூசாரியே சொன்னாரு, கருப்பு தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கிட்டாருன்னு. சாமி கேட்டுருச்சு, நாம என்ன செய்ய முடியும்? என் கையில என்ன இருக்கு?

அவன் குடும்பத்தை நான் கைவிடல அப்பு. உள்ள ஏனம் வெளக்குற சத்தம் கேக்குதுல்ல? அது அவன் பொண்டாட்டிதான், பஞ்சவர்ணம். வீட்டு வேலைக்கு வச்சிருக்கேன். காலு இல்லாதவனைக் கட்டிக்கிட்டு அது எங்க போகும்? வேற யாரு வச்சுக்குவா? மூனு வேளையும் இங்கதான் சாப்பாடு, மிஞ்சினதை அவனுக்கும் கொண்டுபோகும். அந்தச் சோத்தைத் தின்னுட்டுத்தான் என் துன்னூறை வேணாங்கிறான். இப்பச் சொல்லு, யாருகிட்ட தப்பு? சொல்லேன். சரி, நீ வெளியூரு, உனக்கு எதுக்கு.

உன் சோலிக்கு வருவோம். வர்ற ஆடியில கருப்புக்குக் குதிரை வைக்கிறாங்க. அதே பட்டறையில சொல்லியாச்சு, கல்லுக்குதிரை, முன்னங்காலத் தூக்கிப் பாயிற மாதிரி. சாமிய விடப் பெருசு. கோச்சடை இப்பக் கெளப்புறான், நான் சத்தியம் பண்ணினது சாமிக்கு, குதிரைக்கு இல்லைன்னு. குதிரையக் கொண்டாந்தவனுக்கும் மரியாதை உண்டாம். என் பக்கத்துல இன்னொரு மாலையோட அவன் நிக்கணுமாம். நான் உசுரோட இருக்கேன்ல? குதிரையும் என் வண்டியிலதான் வரும். ஒத்தைப் பட்டை இன்னும் சேத்துப் போடச் சொல்லியிருக்கேன். நீ ஓட்டினாப் போதும், மத்ததெல்லாம் நான் பார்த்துக்கிறேன்.

ஏ பஞ்சவர்ணம்! வண்டிச் சாவியக் கொண்டா! இந்தத் தம்பி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டும்.

இந்தா வந்துருச்சு. அவருகிட்ட குடு. என்ன அவரு காதுல முணுமுணுக்கிற? சத்தமாச் சொல்லு. என்னது? "பஸ்ஸு போயிரும், கெளம்புங்கண்ணே"வா? எந்த பஸ்ஸு? இவரு எதுக்கு பஸ்ஸுக்குப் போறாரு? வேலைக்குல்ல வந்திருக்காரு? அட, நீ என்னப்பா எந்திரிச்சுட்ட? உக்காரு. சாப்பிட்டுட்டுப் போகலாம். தம்பி! அப்பு! லைசென்ஸை எடுத்துக்கிட்டு எங்க போற? சம்பளம் பத்தலைன்னா வாயத் தொறந்து சொல்லு! ஏய்!

போறான் பாரு, திரும்பிப் பார்க்காம. இந்தக் காலத்துப் பயலுக எவனுக்கும் வேலை செய்ய ஒடம்பு வணங்கல.

நீ ஏன் சாவியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? வந்தவனைக் கெளப்பி விட்டுட்டு நிக்கிறத பாரு. சரி, அதுவும் நல்லதுக்குத்தான். அசலூரானை நம்பி வண்டியக் குடுக்க வேண்டியதில்ல. உன் தம்பி ஒருத்தன் இருக்கான்ல, இந்த வருசந்தான் லைசென்ஸ் எடுத்தவன்? சும்மாதான ஊரைச் சுத்திக்கிட்டிருக்கான். எதுக்குத் தலைய ஆட்டுற? நாளைக்குக் காலையில அவனை வரச் சொல்லு. வரலைன்னா நீயும் வர வேண்டியதில்ல.